இரண்டு மூச்சுக்கு நடுவே

— நான் வரலன்னு எங்கண்ணன்கிட்ட சொன்னது யாரு?

— தோ பாரு நிர்மலா, இப்பதான் தட்டாஞ்சாவடிலேருந்து சைக்கிள மிதிச்சிக்கினு வரேன், செருப்பக் கூட...

— செருப்பு கெடக்கட்டும். யாரு சொன்னதுன்னு கேக்கறேன்ல?

— மொதல்ல கத்தாத. மூச்சு வாங்குது பாரு.

— வாங்கட்டும்! அது வாங்குதுன்னுதான பாரீசுக்குப் போறேன்? மத்தியானம் அண்ணன் போன் பண்ணுச்சு. ‘என்னாம்மா, ஆப்பரேஷனே வேணாம்னுட்டியாமே, குமாரவேலு பேசுனாரு. ஆஸ்பத்திரில உன் தேதிய வேற ஆளுக்குக் குடுத்துடலாமான்னு கேக்கறாங்க’ங்குது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு.

— நீ என்ன சொன்ன?

— என்னத்த சொல்லுவேன்? கட்டுன புருசன வுட்டுக்குடுக்க மனசு வரல. நாளைக்கு சொல்றேண்ணேன்னு வச்சிட்டேன்.

— நல்லதாப் போச்சு.

— எது நல்லதாப் போச்சு? விசாவுக்கு அந்தக் கொன்சுலா ஆபீசு வாசல்ல, வெயில்ல, ஒக்கார எடமில்லாம நின்னவ நானு. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த சொல்தா வூட்டுல பொண்ணு கட்டி எங்கண்ணன் அங்க போயி இத்தினி வருசத்துல, அதுகிட்ட நான் ஒரு செண்டு பாட்டிலு கேட்டிருப்பனா? இப்ப உசுரக் கேக்கறேன், ‘வாம்மா நான் பாத்துக்கறேன்’னுச்சு. நீங்க நடுவுல பூந்து...

— தோ பாரு, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். வயித்த அறுத்து, கோழி முட்ட அளவுக்கு ஒரு பை மட்டும் வுட்டுட்டு மிச்சத்த மூடிடுவாங்களாம். அப்புறம் அர இட்லி துன்னாலும் கொமட்டுமாம். பக்கிரி சொன்னான்.

— பக்கிரி யாரு, டாக்டரா? உங்க கம்பெனில வெல்டிங் வக்கிறவரு.

— வெட்டி ஒட்டுறது அவனுக்குத் தெரியாதா பின்ன?

— சிரிப்பு வருதா? முந்தாநாளு பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். ஆட்டோக்காரன் பின்னால திரும்பிப் பாத்துட்டு, ‘யக்கா, ரெண்டு சீட்டுக்குக் குடுத்துடுங்க’ங்கறான். அதக் கூட வுடுங்க. மாடிப்படி ஏறி எத்தினி நாளாவுது தெரியுமா? துணி காயப்போட பக்கத்து வூட்டு சின்னப்பொண்ணு கால்ல வுழ வேண்டியிருக்கு.

— ஆப்பரேஷன்தான் வேணும்னா மெட்ராஸ்ல பண்ணிக்கலாம். எதுக்குக் கடல் தாண்டிப் போவணும்?

— மெட்ராஸுக்கு நீங்கதான கூட்டிக்கினு போனீங்க? அந்த டாக்டரு என்னா சொன்னாரு? ‘இந்தம்மாவுக்குத் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது. நான் மயக்க மருந்து குடுத்து அது நின்னே போயிட்டா யாரு பதில் சொல்றது’ன்னு கைய விரிச்சாரா இல்லியா? அங்க அதுக்குன்னு மெசினு வச்சி, ஒரு வாரம் படுக்க வச்சிப் பாத்துதான் கத்தியத் தொடுவாங்களாம். இப்படியே வுட்டா ஒரு நாளு தூக்கத்துலயே போயிடுவேன்னும் அந்த டாக்டருதான் சொன்னாரு. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க.

— நான் இருக்கேன்ல? ராவெல்லாம் கண்ணு முழிச்சி ஒக்காந்து உன்ன உலுக்கி எழுப்பறவன் யாரு?

— எழுப்பறீங்க. அதுவும் வாஸ்தவந்தான். பொழுது சாஞ்சா கையில பொட்டலத்தோட வர்றதும் நீங்கதான். கஞ்சியக் குடிச்சிட்டுப் படுத்தா, ‘ஒரு வாய் வாங்கிக்கோ’ன்னு அல்வாவக் கிள்ளி ஊட்டுறதும் நீங்கதான். நான் எளைக்கக் கூடாதுன்னு யாருக்கு வேண்டிக்கினு இருக்கீங்க?

— ஆசையா வாங்கியாரது ஒரு குத்தமா?

— மொதல்ல ஆசைன்னுதான் நெனச்சேன். புள்ள போனப்புறம் மனுசன் பாசத்தக் காட்ட வேற வழி தெரியாமத் தவிக்குதுன்னு நெனச்சேன். இன்னைக்கு வரைக்கும்.

— இன்னைக்கு என்ன ஆச்சு?

— தூங்கறப்ப வர்ற சத்தத்தப் பதிஞ்சி அனுப்பச் சொல்லி அந்த ஊரு டாக்டரு கேட்டாரு, நெனப்பிருக்கா?

— அதான் பண்ணலாம்னேனே. கேசட்டு வாங்கணும்.

— தீவாளிக்கு முன்னாடிலேருந்து கேசட்டு வாங்கறீங்க. அதான் நேத்து ராத்திரி நானே டேப்ரிகார்டர கட்டிலுக்கு அடியில வச்சி, பட்டன அமுக்கிட்டுப் படுத்தேன்.

— கேட்டியா?

— அண்ணன் போன வச்சதும் போட்டுக் கேட்டேன். மொதல்ல என் கொறட்ட. பஸ் ஸ்டாண்டுல வண்டிய உறும வுட்டுட்டு டிரைவரு டீ குடிக்கப் போவாம் பாருங்க, அந்த மாதிரி. அப்புறம் சட்டுனு நின்னுடுச்சு. ஃபேன் சுத்துற சத்தம் மட்டும் வருது. நீங்க எழுப்புவீங்க, எழுப்புவீங்கன்னு காத்திருக்கேன். நீங்க எழுப்பல. ‘வந்துட்டியாம்மா’ன்னீங்க.

— அது... உன்னத்தான்...

— என்ன என்னைக்கு நீங்க அம்மான்னு கூப்புட்டீங்க? யாரு வந்தது?

— நிர்மலா, வேணாம்.

— யாரு வந்ததுன்னு கேக்கறேன்ல?

— சுவேதா.

— எந்த சுவேதா?

— நமக்கு எத்தினி சுவேதா இருந்தா?

— நோணாங்குப்பத்து ஆத்துலேருந்து எடுத்துக் கொண்டாந்து, இதே கூடத்துல கெடத்துனோமே, அந்தப் புள்ளையா?

— திட்டாம கேளு. போன மழையில ஒரு ராத்திரி, நீ மூச்ச வுட்டுட்டு மரக்கட்டையாக் கெடந்த. ஒதடு நீலம் பாரிச்சிடுச்சு. பதறிப்போயி உலுக்கக் கைய வச்சேன். உன் வாயி அசையல. பல்லு கூடக் கிட்டியிருந்துச்சு. தொண்டைக்குள்ளேருந்து மெதுவா, ‘அப்பா’ன்னுச்சு.

— என் தொண்டைக்குள்ளேருந்தா?

— அவளேதான். அந்தக் கீச்சுக் கொரலு. அவ செவுத்துல வரைஞ்ச கப்பலுக்கு மேல ஏன் பெயிண்ட் அடிச்சீங்கன்னு கேட்டா. அது நம்மளத் தவிர யாருக்குத் தெரியும்? நீ மறுபடி மூச்சு இழுத்ததும் போயிட்டா. மூச்சு நின்னா வரா, மூச்சு வந்தா போறா. அம்புட்டுதான் அவளுக்கு எடம்.

— நான் மூச்சில்லாம கெடக்குறப்ப, நீங்க ஒக்காந்து கத பேசிக்கினு இருந்தீங்க.

— எழுப்பிடுவேன் நிர்மலா. சத்தியமா எழுப்பிடுவேன். ‘இன்னுங் கொஞ்ச நேரம்ப்பா’ன்னு கெஞ்சுவா. புள்ள கெஞ்சுறப்ப எப்பிடி...

— மொதல்ல கேட்டதும் இப்ப கேக்கறதும் ஒரே கொஞ்ச நேரந்தானா?

— நாளாவ நாளாவ நீண்டுக்கினுதான் போவுது.

— என்னப் பத்தி எதுனா கேக்குமா?

— அதுதான் மொதக் கேள்வியே. ‘அம்மா சாப்புட்டாளா’ம்பா. ‘நல்லா சாப்புடச் சொல்லுப்பா. அம்மா எளைச்சிட்டா எனக்கு உள்ள எடம் பத்தாது’ம்பா.

— எடம் பத்தாதா?

— கொழந்தப் பேச்சு. அதப் போயி...

— நம்ம புள்ள அப்பிடிப் பேசுமாங்க? ஒரு முறுக்கு குடுத்தா ஒடச்சி என் வாயில வச்சிட்டுத் துன்ற புள்ள அது.

— செத்துப் போனவளுக்கு என்ன கஷ்டமோ, நமக்கென்ன தெரியும்? பாரீசுக்குப் போவற பேச்சு எடுத்ததுலேருந்து அழுவறா. ‘அம்மாவ அனுப்பாத, அறுக்க வுடாத’ங்கறா. நீ எளைச்சா மூச்சு சீராயிடும். சீரானா அவளுக்கு வாசல் அடைஞ்சிடும். ஒருதரம் பறிகுடுத்துட்டு நாம ரெண்டு பேரும் எப்பிடி இருந்தோம்? மறுபடியும் என் கையாலயே அந்தக் கதவச் சாத்தச் சொல்றியா?

— நான் செத்துட்டா மட்டும் கதவு தெறந்திருக்குமா?

— சாவ வுட மாட்டேன். அதுக்குத்தான் தூங்காம காவல் இருக்கேன்.

— அப்ப நான் பொழைக்கவும் கூடாது, சாவவும் கூடாது. நடுவுலயே கெடக்கணும். அப்பிடித்தான?

— அப்பிடிச் சொல்லாத. நீயும் அவளப் பெத்தவதான? உனக்குக் கேக்காம, எனக்கு மட்டும் கேக்குதேன்னு எத்தினி நாளு வெக்கப்பட்டிருக்கேன் தெரியுமா? நிர்மலா... அவ பேசுனது அந்த டேப்புல வுழுந்திருக்கா?

— வுழுந்திருக்கு.

— வுழுந்திருக்கா! கேட்டியா? உனக்கும் கேட்டுச்சா?

— கேட்டுச்சு. நம்ம சுவேதா கொரலேதான். அந்தக் கீச்சு, அந்த மூக்கடைப்பு, எல்லாம். பொட்டிய நெஞ்சோட அணைச்சிக்கினு கூடத்துலயே சரிஞ்சி ஒக்காந்துட்டேன். பாரீசும் வேணாம், ஒண்ணும் வேணாம், அண்ணனுக்கு இப்பவே போனப் போட்டு வரலன்னு சொல்லிடலாம்னு எழுந்தேங்க.

— அப்புறம் எதுக்குடி என் கூட இவ்ளோ நேரம் சண்ட போட்ட? சொல்லிடேன்! நாளைக்கே சொல்லிடேன்!

— எழுந்தவ பொட்டிய நிறுத்தலீங்க. அது பாட்டுக்கு ஓடிக்கினு இருந்துச்சு. நீங்க காவலு இருக்கேன்னு சொன்னீங்களே, பாவம், கண்ணசந்துட்டீங்க. உங்க கொறட்டையும் அதுல வுழுந்திருக்கு. அதுக்கப்புறமும் அது பேச்ச நிறுத்தலீங்க. கேக்க ஆளில்லன்னதும், புள்ள கொரல வுட்டுட்டு வேற கொரல்ல பேசுச்சு.