பாற்கஞ்சிக் கிண்ணம்

ரூ பெர்தொனே தெருவில் ஒரு தமிழ்க் கடையில் கொத்துரொட்டிக்காக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேசுவது காதில் விழுந்தது.

"பேய்க்குப் பாற்கஞ்சி வைச்சது என்ர மகள் இல்லை அக்கா. நான்தான்," என்றார் இளையவர்.

"மகளைப் பாக்கப் பின்லாந்துக்குப் போய் இதையோ செய்தனீர்?"

"ஓம். அது பேயுமில்லை. தொந்து எண்டு ஒரு குட்டிக் கிழவன். அங்கை வீட்டுக்கு வீடு சவுனா எண்டு சூட்டில இருந்து வேர்க்கிற அறை இருக்கு. அவர்தான் அதுக்குக் காவலாம். மார்கழியில நத்தார்ப் பண்டிகைக்கு அவருக்குக் கஞ்சி வைக்கிறது அவையின்ர வழக்கம்."

"செபக்கூட்டத்தில எல்லாருக்கும் கோவம். மன்னிப்புக் கேக்காட்டி இனி உம்மைச் செபமாலை சொல்ல விடமாட்டினமாம்."

"கேக்கமாட்டன். பேரன் எட்டாம் மாசத்தில பிறந்து ஆசுப்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ளை கிடந்தவன். மருமகன்ர தாய்க்குத் தமிழில ஒரு சொல்லும் தெரியாது. அப்பிடியிருந்தும் ஒவ்வொரு நாளும் நான் செபமாலை சொல்லி முடிக்குமட்டும் எனக்குப் பக்கத்தில முழங்காலில நிண்டவ. நத்தாரண்டு அவ கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சவுனாவுக்கு வெளிக்கிட்டவ. நான் வாங்கிக்கொண்டு போய் வைச்சன். இனியும் வைப்பன்."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. மூத்தவர் குரலைத் தாழ்த்தி, "பிள்ளை இப்ப எப்பிடி?" என்று கேட்டார்.

"சுகமாய் இருக்கிறான். நாலு கிலோ வந்திட்டான்," என்றார் இளையவர். பிறகு அவரை நேராகப் பார்த்துச் சொன்னார்: "ஒரு மாசமாய்க் கூடிக் கூடிக் கதைச்சியள். இதை இப்பதான் ஒராள் கேக்கிறியள்."