பிளைவுட் கோயிலில் ஒரு பாவமன்னிப்பு

“ஹலோ... ஹலோ! யோவ் லியோபார்டோ, எங்கய்யா இருக்க?... பஸ்ஸுலயா? பாதிரியார் அங்கியோடவா?... டைரக்டரா? அந்தாளு அப்பவே காரேறிப் பறந்துட்டாரு. நாந்தான், நிகானோர் பேசுறேன். செட்டுத் தச்சன்... ஆமா, ஆமா, மெதுவாத்தான் பேச முடியும். டான் இங்கதான் இருக்காரு.”

மெக்சிகோ நகரத்தின் விளிம்பில், நெசாவில், பழைய டயர் கிடங்குக்குள் தான் அடித்து நிறுத்திய கோயிலின் பலிபீடத்துக்குப் பின்னால் நிகானோர் குந்தியிருந்தார். சுத்தியல் பிடித்துக் காய்த்துப்போன கையில் செல்போன் வழுக்கியது.

“எந்த டானா? நம்ம படத்து டான் இல்லய்யா, அசல் டான்! கௌடென்சியோ! இந்தப் பேட்டையவே கைக்குள்ள வெச்சிருக்கிற ஆளு... சிரிக்காத. பாவமன்னிப்புக் கூண்டுல முட்டி போட்டுக் காத்துக்கிட்டிருக்காரு... ஆமா, நான் அடிச்ச கூண்டுதான்... பிளைவுட்டுதான்...

“நானா கூட்டியாந்தேன்? இந்தப் பேட்டையில கோயிலே கெடையாது. மாதா சொரூபத்த எறக்கி வெச்ச அன்னிக்கே பொம்பளைங்க மெழுகுவத்தியும் சாமந்தியுமா வந்துட்டாளுக. ‘சினிமாவுக்கு வெச்சதும்மா’ன்னேன். ‘மாதா எங்கிருந்தா என்ன, மாதாதான’ங்கிறாளுக. நீ வேற அங்கியோட நின்னு, வர்றவளுக்கெல்லாம் ஆசீர்வாதம் பண்ணிக்கிட்டிருந்த... ஓசித் தமாலே பலகாரத்துக்கா? நல்லா இருய்யா, நல்லா இரு.

“நாளைக்கு அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஊரையே நடுங்க வெச்ச மனுசன், மயக்க ஊசின்னா நடுங்குறாரு. பாவத்த எறக்கி வெக்காம படுக்க மாட்டேன்னு வந்திருக்காரு... சொல்லலாம், இது செட்டு, ஃபாதர் ஒரு கூத்தாடின்னு சொல்லலாம். ரவுடிங்கள வெச்சு சிரிப்புப் படம் எடுக்குறோம்னும் சேத்துச் சொல்லவா? கூண்டு அடிச்ச கையத்தான் மொதல்ல ஒடைப்பாரு... ஆளுங்களா? வாசல்ல ரெண்டு தடியனுங்க, தொப்பியக் கழட்டிட்டு பயபக்தியா நிக்கிறானுங்க... துப்பாக்கி இல்லாமயா?

“எறங்குய்யா! அடுத்த நிறுத்தத்துல எறங்கி வா. ‘மன்னிச்சேன் மகனே’ன்னு ஒரே ஒரு வார்த்த... என்னது, வசனம் எழுதித் தரணுமா?... அவரு பாவத்தையெல்லாம் கேட்டவன் உசுரோட இருக்க முடியுமாங்கிறியா?... ம்... அதுவும் நியாயந்தான்.”

கூண்டுக்குள்ளிருந்து கனத்த இருமல் கேட்டது. நிகானோர் துள்ளி எழுந்தார்.

“இதோ டான்! ஃபாதர்கிட்டதான் பேசிட்டிருக்கேன்!... சாகக் கெடக்குற ஒருத்தருக்கு எண்ணெய் பூசப் போயிருக்காருங்க... போன்லயா?... யோவ், போன்லயே சொல்றேங்கிறாருய்யா! கூண்டு ஜன்னல் வழியா கைய நீட்டிட்டாரு. குடுக்குறேன். ஒண்ணும் பேசாத, ‘ம்’ மட்டும் கொட்டு... ஹலோ? ஹலோ? லியோபார்டோ?... அடப்பாவி, வெச்சிட்டானே!”

செத்துப்போன போனை நிகானோர் பார்த்தார். ஜன்னல் ஓட்டையில் மோதிரம் போட்ட ஐந்து தடித்த விரல்கள் காத்திருந்தன. போனை மறுபடி காதில் அழுத்தினார். குரலை உயர்த்தினார்.

“சொல்லுங்க ஃபாதர்!... ஆமாங்க, இங்கதான் முட்டி போட்டிருக்காரு... போனக் குடுக்க வேணாமா?... ஓ, பாவத்த வாய்விட்டே சொல்ல வேணாமா? ஆண்டவருக்கே எல்லாம் தெரியுமா?... சரிங்க, சரிங்க... டான், எல்லாத்தையும் மன்னிச்சாச்சாம்!... பரிகாரமா ஃபாதர்? மாதாவுக்கு அம்பது அருள்நிறை மந்திரம்... சொல்லிடுவாருங்க. இன்னொண்ணா?... கோயில் கட்டின தச்சன் மேல ஆயுசுக்கும் கை வெக்கக் கூடாதா? ஏங்க ஃபாதர் அப்படி?... அட ஆமா, ஏசுவ வளத்த சூசையப்பரும் தச்சன்தான!... டான் தலையாட்டுறாருங்க... ஆமாங்க ஃபாதர், அழுதுக்கிட்டேதான் ஆட்டுறாரு... சரிங்க. வெச்சிடுறேனுங்க.”