ஒரு சிட்டிகைக் கொத்துக்கறி

கொத்துக்கறிக்கு உப்பு கொஞ்சம் குறைவாகத்தான் போட வேண்டும். கூடிப்போனால் எடுக்க முடியாது, குறைந்தால் சேர்த்துக்கொள்ளலாம். அதனால்தான் எங்கள் கடையில் மசாலா பிசைந்தவரே ஒரு சிட்டிகையைப் பச்சையாக வாயில் போட்டு, வாடிக்கையாளர் கண்முன் விழுங்குவார். அதன் பிறகே தராசில் கை வைப்போம். தாத்தா காலத்து வழக்கம். எங்கள் கறிக்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பிசைவது தம்பியின் வேலை. இடையில் அவனுக்குச் சிறுநீரகம் கெட்டது. அவன் மனைவி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியையே அடக்கிவைக்கும் மாத்திரைகள் கொடுத்தார்கள். பச்சைக் கறி கூடவே கூடாது என்று மருத்துவர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

கடைக்குத் திரும்பிய அன்று, தம்பி ஓர் உருண்டையைச் சட்டியில் வதக்கி ருசி பார்த்தான். வரிசையில் நின்ற தையல்காரர் விடவில்லை.

"என்னப்பா, உங்க கறி மேல உங்களுக்கே பயம் வந்துடுச்சா? அப்ப நாங்க பருப்பு வாங்கிட்டுப் போறோம்."

கடையே சிரித்தது. மறுநாள் காலை, எல்லோர் முன்னாலும் தம்பியிடம் கிண்ணத்தை நீட்டினேன்.

"அண்ணே, டாக்டர் சொன்னாரே..."

"டாக்டரா கடை நடத்துறாரு? ஒரு சிட்டிகைடா. ஆளுங்க பாக்குறாங்க."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கினான். என்னை எதிர்த்துப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. அன்று முதல் தினமும் விழுங்கினான்.

சில வாரங்களில் அவன் கழுத்தில் நெறி கட்டியது. காய்ச்சல், உடம்புவலி. இளவயதில் எனக்கும் அப்படி வந்து தானாகவே போயிருக்கிறது. இருந்தாலும் மருத்துவமனைக்கு நானே அழைத்துப்போனேன். கடமையில் குறை வைக்கவில்லை.

"வீட்டுல பூனை இருக்கா? வேகாத கறி ஏதாவது சாப்பிட்டாரா?" என்று மருத்துவர் கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான்.

"கறிக்கடைக்காரன் வீட்டுல கறிய வேகவைக்கத் தெரியாதா சார்?" என்றேன். அவரும் சிரித்துவிட்டார். ரத்தம் எடுக்கச் சொன்னதை அடுத்த முறைக்குத் தள்ளிவைத்தேன்.

"தலைவலி, குழப்பம், கை கால் தளர்ச்சி, வலிப்பு, எது வந்தாலும் உடனே கூட்டிட்டு வாங்க. சீக்கிரம் வந்தா மருந்து இருக்கு."

எல்லாமே வந்தன. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். இடது கையிலிருந்து பொருள்கள் நழுவின. ஒருநாள் மீதிச் சில்லறைக்குப் பதிலாக ஓர் எலும்பை மரியாதையாக நீட்டினான். யாரும் சிரிக்கவில்லை. மருத்துவமனைக்குப் போனால் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார்கள். குழம்பிய வாய் உண்மையைச் சொல்லிவிடும்.

கடைக்கு மேலே உள்ள மாடி அறையில் படுக்கவைத்துக் கதவை வெளியே பூட்டினேன். படியில் உருண்டுவிடக்கூடாதே. ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்துச் சுவரைப் பார்த்தது. சிறுநீரகம் கொடுத்த உடம்பு ஓய்வெடுக்கட்டும் என்று அவன் மனைவியை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். தினமும் போன் செய்வாள்.

"மாமா, அவர்கிட்ட ஒரு நிமிஷம் குடுங்களேன்."

"இப்பத்தாம்மா தூங்கினான்."

சோறு என் கையாலேயே பிசைந்து ஊட்டினேன். கீழே இறங்கும்போது உள்ளே சுவரைத் தடவுவது கேட்கும். "அண்ணே, கதவு எந்தப் பக்கம்? நாலு பக்கமும் சுவரா இருக்கு."

கடைசி நாள் காலை, வரிசை வாசல்வரை நின்றது. மேலே தரையில் குதிகால் அடிப்பதுபோல் விடாமல் ஒரு சத்தம். வலிப்பு என்று தெரியும்.

"மேல என்ன சத்தம்?" தையல்காரர்தான்.

"எலும்பு வெட்டுறாங்க" என்றேன். அரைக்கும் இயந்திரத்தைப் போட்டேன். மேலே அடங்கியபின் நிறுத்தினேன். நின்றவர்களுக்கெல்லாம் நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் மாடியேறினேன். யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

பிரேதப் பரிசோதனை செய்தவர் டாக்ஸோபிளாஸ்மோசிஸ் என்று ஒரு பெயர் சொன்னார்; ஏதோ ஒட்டுண்ணிக் கிருமி, மூளைவரை போய்விட்டதாம். எங்கள் கடைப் பலகையில்கூட அவ்வளவு நீளமான பெயர் இல்லை.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் எழுதிய என் வாக்குமூலத்தை முழுவதும் வாசித்துக் காட்டினீர்கள். ஒரே ஒரு திருத்தம். கிருமி எங்கள் கடைக் கறியிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். தெரிந்தே பூட்டிவைத்துத் தம்பியைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எங்கள் கறியை இதுவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை.