வடிவான ஊர்

ஜெரேனியம் பூக்களுக்கு விடியற்காலையில் தண்ணீர் விடுவதுதான் நல்லது. மாலையில் விட்டால் நத்தை வரும். மத்தியான வெயிலில் விட்டால் வேர் அவிந்து போகும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் மார்க்ரிட் ஷ்டால்டர், எங்கள் ஊர் அழகுச் சங்கத்தின் தலைவி. ஓய்வுபெற்ற ஆசிரியை. இன்று காலை அந்தப் பூக்களுக்கு யாராவது தண்ணீர் விட்டார்களா என்று தெரியவில்லை.

இதையெல்லாம் நான் ஜெர்மன் மொழியிலேயே சொல்லியிருக்கலாம், ஐயா. தொழிற்சாலையிலும் சங்கத்திலும் அந்த மொழியில்தான் பேசுகிறேன். ஆனால் எனக்கும் யோகண்ணைக்கும் இடையில் நடந்தது முழுக்கத் தமிழில் நடந்தது. அதனால்தான் மொழிபெயர்க்க ஆள் கேட்டேன். தங்கச்சி டிலக்ஷியை சூரிச்சிலிருந்து வரவழைத்துவிட்டீர்கள், சிரமத்துக்கு மன்னிக்க வேண்டும். தங்கச்சி, நான் சொல்வதை அப்படியே சொல்லுங்கள். நடுவில் நிறுத்த வேண்டியிருந்தால் நிறுத்தலாம், எனக்கு அவசரம் இல்லை.

என் பெயர் குகதாசன். யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதில் அகதியாக வந்தேன். பீல் நகரத்தில் கைக்கடிகாரம் பொருத்தும் வேலை. நானும் மனைவி நிரஞ்சினியும் பீலுக்கு மேலே, யூரா மலைச்சரிவில் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் வாடகைக்கு வீடு எடுத்தோம். குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது ஊர்ச்சபையில் ஒருவர் கேட்டார்: “இந்த ஊருக்காக நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” வரி கட்டுகிறேன் என்றேன். அவர் சிரித்தார். நல்ல மனிதர்தான், கேலியாகச் சிரிக்கவில்லை. ஆனாலும் அடுத்த சனிக்கிழமையே நான் அழகுச் சங்கத்தில் போய்ச் சேர்ந்தேன்.

கடவுச்சீட்டுக்காகத்தான் போனேன் என்று நினைக்காதீர்கள். அது கைக்கு வந்த பிறகும் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவிட்டதில்லை. சரிந்து கிடந்த பழைய கல்மதில்களைச் சாந்து பூசாமல் திரும்ப அடுக்கினோம். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் பல்லிகள் குடியேறுவதற்கு இடம் விட்டோம். மேட்டுப் புல்வெளியில் முள்வெட்டி, ஆடுகளை மேய விட்டோம். அடுத்த வசந்தத்தில் அங்கே காட்டு ஆர்க்கிட் பூத்தது. தேவாலயக் கோபுரத்தில் உழவாரக் குருவிகளுக்குக் கூடு அடித்துக் கொடுத்தோம். அதற்கு முன்னர் பல வருடங்கள் இந்த நாட்டில் கோப்பை கழுவியிருக்கிறேன், தரை துடைத்திருக்கிறேன். என் பெயரை ஒருவரும் கேட்டதில்லை. சங்கத்தில் சேர்ந்த பிறகு தபால் வண்டிக்காரர்கூட வண்டியை மெதுவாக்கி, “சாலி, குகா” என்று வணக்கம் சொல்லிக் கை காட்டிவிட்டுப் போவார். உங்களுக்கு இது பெரிதாகத் தெரியாது.

யோகண்ணையை இந்த ஊருக்குக் கொண்டுவந்தது நான்தான். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். யோகலிங்கம் மட்டக்களப்பு ஆள். பீலில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்துவிட்டா, பிள்ளைகள் இல்லை. ஓய்வூதியத்தில் பீல் வாடகையைக் கட்ட முடியாமல் நின்றார். நிரஞ்சினிதான் சொன்னா, “பாவம், எங்கட ஊரில ஒரு அறை பாத்துக் குடுங்கோவன்.” ஊரின் ஓரத்தில் பழைய களஞ்சியத்துக்கு மேலே ஒரு அறை காலியாக இருந்தது. பேசிக் கொடுத்தேன்.

முதல் கோடையிலேயே களஞ்சியத்து முற்றம் நிறைய நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்கள் வந்துவிட்டன. அவற்றில் மண் நிரப்பிச் சுரையும் பூசணியும் போட்டார். கொடி ஏறுவதற்குப் பழைய கட்டில் சட்டம் ஒன்றை நிறுத்தினார். ஆலங்கட்டி மழைக்குத் தறப்பாள் கட்டினார். சாரத்தைத் துவைத்துத் தெருவைப் பார்த்துக் காயப்போட்டார். ஊர்ச்சந்தியில் ஓயாமல் தண்ணீர் விழும் கல்தொட்டி இருக்கிறதே, நாங்கள் பாசி சுரண்டிச் சுத்தம் செய்த தொட்டி, அதில் கால் கழுவினார். யாரைக் கண்டாலும் நின்று, தெரிந்த நாலைந்து ஜெர்மன் வார்த்தைகளை வைத்துக் கதைப்பார். ஒருநாள் பாண் சுட்டு விற்கும் கடைக்காரி என்னிடம் கேட்டா: “அந்தப் பூசணிக்காரர் உங்கள் அப்பாவா?”

இல்லை என்றேன். நாங்கள் வேறு மாவட்டம் என்றும் சொன்னேன். அது அவவுக்கு விளங்கியிருக்காது.

நான் அவரிடம் பலமுறை நல்லவிதமாகச் சொன்னேன்.

“யோகண்ணை, இது பழைய காலத்துக் கட்டிடம். முன்னுக்கு இப்பிடி பீப்பாய் அடுக்கேலாது. ஊரை வடிவா வச்சிருக்க நாங்கள் படுற பாடு உங்களுக்குத் தெரியாது.”

“பூசணிப் பூவ விட வடிவு வேற என்ன மனே இருக்கு?” என்றார். “வாவன், ஒரு காய் தாறன். பிள்ளைக்கிட்டக் குடு, கறி வைக்கட்டும்.” மனே என்றால் மகனே, பிள்ளை என்றது நிரஞ்சினியை. எனக்குக் காயைத் தந்தார். நானும் வாங்கிக்கொண்டு போனேன்.

பிறகு சனிக்கிழமைகளில் அவரும் மதில் கட்ட வரத் தொடங்கினார். ஒருவரும் அழைக்கவில்லை. சாரத்துக்கு மேலே குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு வருவார். கல்லைத் தப்பாக வைப்பார், அது உருளும், எல்லோரும் சிரிப்பார்கள். மார்க்ரிட் கண்ணில் நீர் வரச் சிரிப்பா. நான் ஒருமுறையும் தப்பாகக் கல் வைத்ததில்லை. என் பக்கத்தில் யாரும் அப்படிச் சிரித்ததும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த வருடம் சங்கம் எடுத்த பெரிய வேலை, களஞ்சியத்துக்குப் பின்னால் நிலத்தடியில் இருந்த பழைய மழைநீர்த் தொட்டி. கல்லால் கட்டிய வளைவுக்கூரை, கீழே ஆள் உயரத்துக்கும் மேல் ஆழம். நானும் யோகண்ணையும் அதைக் கிணறு என்றே சொல்வோம். மண்ணும் குப்பையும் அள்ளி, சுவரைப் பழுதுபார்த்து, கருவாலி மரத்தில் கனமான புது மூடி போட்டோம். களஞ்சியக் கூரையின் மழைத்தண்ணீர் வழியும் பீலியை முன்போலத் தொட்டிக்குள் விழும்படி நான் இணைத்தேன். அழகிய கிராமங்களுக்கான பரிசுக்கு மார்க்ரிட் எங்கள் ஊரின் பெயரை அனுப்பியிருந்தா. நடுவர்கள் ஒரு சனிக்கிழமை காலை வருவதாக இருந்தது.

முந்தின நாள் நான் விடுமுறை எடுத்து, கடைசி வேலைகளைச் செய்துகொண்டிருந்தேன். பீப்பாய்கள் அப்படியே இருந்தன.

“அண்ணை, நாளைக்கு ஆக்கள் வருகினம். இதுகளை இண்டைக்கு எடுக்க வேணும்.”

“மார்க்ரிட் எடுக்க வேணாமெண்டு சொன்னவ மனே. வாறவங்களுக்குக் காட்டப் போறாவாம். என்னையும் நிக்கச் சொன்னவ.”

அவருக்கு ஜெர்மன் சரியாக விளங்குவதில்லை. மார்க்ரிட் நாகரிகமான மனுசி, வெளியே சொல்ல மாட்டா. தொட்டியின் மூடி திறந்திருந்தது, ஏணி உள்ளே இறக்கியிருந்தது. அவர் இளவயதில் ஊரில் கிணறு வெட்டியவர். அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். “அண்ணை, அடியில ஒரு பக்கம் ஈரம் கசியிற மாதிரி இருக்கு. உங்களுக்குத்தான் தெரியும், ஒருக்கா இறங்கிப் பாருங்கோ” என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கிணற்றில் இறங்குமுன் செய்வதுபோலச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். இறங்கினார்.

நான் ஏணியை மேலே இழுத்தேன்.

முதலில் அவர் சிரித்தார். “விளையாடாத மனே, ஏணியப் போடு” என்றார். நான் மூடியை இழுத்து வைத்தேன். தனியாக இழுக்க முடியும், கனம்தான். அடியில் அப்போது தண்ணீர் இல்லை, துப்புரவான தரை, குளிருக்குச் சட்டையும் போட்டிருந்தார். நான் அவரைக் கொல்ல நினைக்கவில்லை, ஐயா. ஒரு காலைப்பொழுதுக்கு ஒதுக்கி வைத்தேன். விருந்தாளி வரும்போது நாங்கள் எல்லோரும் ஏதோவொன்றை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவதில்லையா?

பிறகு கொடிகளை வெட்டினேன். பீப்பாய்களை உருட்டிக் களஞ்சியத்துக்குள் அடுக்கினேன். முற்றத்தைக் கூட்டினேன். கூட்டி முடித்துப் பார்த்தபோது, அந்த இடம் நாள்காட்டியில் வரும் படம்போல இருந்தது. அன்று எனக்கு இருந்த நிம்மதியை உங்களுக்கு விளக்க முடியாது.

காலையில் மார்க்ரிட் வந்து வெறும் முற்றத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றா.

“யோகா எங்கே?”

“சூரிச்சுக்குப் போய்விட்டார். சொந்தக்காரர் வீட்டில் விசேஷம்” என்றேன்.

அவ திரும்பி நடுவர்களை வரவேற்கப் போனா. எனக்கு நன்றி சொல்ல அவவுக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

நடுவர்களை நான்தான் தொட்டிக்கு அழைத்துப் போனேன். மூடியைச் சுற்றிப் பூச்சாடிகள் வைத்திருந்தேன். கட்டிய முறையை விளக்கிக்கொண்டிருந்தபோது கீழே காலடிகள் கேட்டிருக்க வேண்டும், அவர் கூப்பிட்டார். முதல் நாள் முழுதும் கத்திக் குரல் அடைத்துப்போயிருந்தது. தடித்த மரம், தடித்த கல். மேலே வந்தது மெல்லிய, இழுத்த சத்தம் ஒன்றுதான்.

“தம்பி, ஆக்கள் வந்துட்டாங்களா? என்னையும் தூக்கு மனே” என்றார்.

நடுவர்களில் ஒரு பெண் தலையைச் சாய்த்தா. “இது என்ன சத்தம்?”

“எங்கள் ஆடுகள்” என்றேன். “மேட்டில் மேய்கின்றன. புல்வெளியைக் காப்பதே அவைதான், வாருங்கள், காட்டுகிறேன்.” உண்மையில் அது ஆட்டின் சத்தம்போலத்தான் இருந்தது. அங்கே நின்றவர்களில் அதில் சொற்கள் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவர்களை மேட்டுக்கு அழைத்துப் போனேன். ஆடுகளை அவர்களுக்கு மிகவும் பிடித்தது.

ஆம், அவர்கள் போனதும் திறந்திருக்கலாம். அதை நானும் யோசித்தேன். சந்தியில் எல்லோருக்கும் மதிய விருந்து நடந்துகொண்டிருந்தது. நான் திரும்பி வந்து மூடியருகே முழங்காலில் இருந்து, “கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, ஆக்கள் சாப்பிடுகினம்” என்றேன்.

“சரி மனே” என்றார். “மறுகா வா.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் ஒருவேளை திறந்திருப்பேன். திறந்தால் அவர் மேலே வந்து சந்திக்குப் போவார். நாலைந்து வார்த்தைதான் அவருக்குத் தெரியும், ஆனால் நடந்ததைச் சொல்ல அது போதும். ஏணி, குகா, மூடி. பிறகு நான் எந்த முகத்தோடு சனிக்கிழமை மதில் கட்டப் போவது? அன்று பின்னேரமே மழை தொடங்கியது. ஞாயிறும் பெய்தது. பீலி நன்றாக வேலை செய்தது. அதற்குப் பிறகு நான் மூடிப் பக்கம் போகவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.

நிரஞ்சினி அவரைத் தேடிக்கொண்டிருந்தா. “யோகண்ணையின்ர போன் வேலை செய்யேல்லை. சூரிச்சில ஆர் வீட்டை போனவர்?” என்று கேட்டா. எனக்குத் தெரியாது என்றேன். அவ சோறு கட்டிக்கொண்டு களஞ்சியத்துக்குப் போயிருக்கிறா. பூச்சாடிக்குப் பின்னால் செருப்பைக் கண்டது அப்போதுதான். நான் எப்படி அதைக் கவனிக்காமல் விட்டேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை, நான் ஒழுங்கான ஆள். அவவும் மார்க்ரிட்டும் சேர்ந்து மூடியைத் தள்ளியிருக்கிறார்கள். இடுப்பளவுக்குத் தண்ணீர். குளிரில் விறைத்துப்போய், சுவரோடு சாய்ந்தபடி இருந்தாராம். நான் பார்க்கவில்லை, பார்க்கும்படி நீங்கள் கேட்கவும் இல்லை.

நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது நிரஞ்சினி ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. “அவர் கூப்பிட்டவரோ?”

“ஓம்” என்றேன்.

அதற்குப் பிறகு அவ என்னோடு கதைக்கவில்லை. நீங்கள் வரும்வரை இருவரும் குசினியில் ஆளுக்கொரு பக்கம் இருந்தோம். இப்போது எங்கே இருக்கிறா என்று கேட்டேன், உங்களுக்குச் சொல்ல அனுமதி இல்லை என்றீர்கள். பரவாயில்லை. சங்கத்தைக் கலைத்துவிட்டார்களாமே. அது தேவையில்லாதது. மதில்களை யார் பார்ப்பது?

நேற்று நீங்கள் ஒன்று சொன்னீர்கள். ஊரில் வீடு வீடாக விசாரித்தீர்களாம். யோகண்ணையைப் பற்றி ஒருவர்கூட ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லையாம். பூசணித் தோட்டத்தைப் பார்க்க நடுவர்கள் ஆவலாக இருந்தார்களாம், மார்க்ரிட்தான் அதைப் பற்றி அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாவாம். அவரை எல்லோருக்கும் பிடிக்குமாம்.

நீங்கள் இந்த நாட்டிலேயே பிறந்தவர், ஐயா, அதனால் உங்களுக்கு இது தெரியவில்லை. இந்த ஊர் ஆட்கள் மனதில் உள்ளதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். யோகண்ணையை இறக்கியவன் நான், ஏணியை எடுத்தவன் நான், மழை பெய்யும் என்று தெரிந்தும் மூடியைத் திறக்காதவன் நான். எல்லாவற்றிலும் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் அவர்களுக்கு அவர் வேண்டாமென்பது எனக்குத் தெரியும். அவர்கள் சொல்லாவிட்டாலும் எனக்குக் கேட்கும்.