தாஹிரா நடந்தா முள்ளு குதிக்குது

...அட, கம்பெனிக்காரன் மேல பழி போட்டா பாவம் தம்பி! பிளேயரு நல்ல பிளேயரு. ரிக்கார்டும் புது ரிக்கார்டு. ஆனா பாட்டு பல்லவியத் தாண்டி சரணத்துக்குப் போவுதா? போவாது! ரிக்கார்டு மேல ஓடற முள்ளு டபக்னு குதிச்சி, சொன்ன வார்த்தையயே கிளிப்புள்ள மாதிரி சொல்லிக்கினே கெடக்கும்.

சைக்கிளப் புடிச்சிக்கினே நிக்கிறியே, ஸ்டாண்டு போடு. எலவனாசூர்கோட்டைக்குப் போறன்னு தெரியும், அதுக்குத்தான கூப்ட்டேன். நீ பக்கத்து வூட்டுக்குக் குடி வந்தது இப்பத்தான். இந்தக் கத உனக்கு இன்னா தெரியும்! ஹயாத் பாஷா துணிக்கடைன்னா ஊருக்கே தெரியும். பாட்டு கேக்கறதுல நம்மள மாதிரி ஆளு கள்ளக்குறிச்சியிலயே இல்ல. பெருமைக்கு சொல்லல... சரி, பெருமைக்குத்தான்.

மொதல்ல லாரிங்க மேலதான் சந்தேகம். ரோட்டு மேல வூடு. மலையிலேர்ந்து மரவள்ளிக்கெழங்கு ஏத்திக்கினு ஒரு லாரி வந்தா பீரோ கண்ணாடியே ஆடும், முள்ளு எம்மாத்தரம்? அசையாத எடமா தேடி, கடைசில ஆட்டுக்கல்லு மேல பலகயப் போட்டு பிளேயர வெச்சேன். சிரிக்காத! சத்தம் இன்னா கனமா வந்துச்சி தெரியுமா? அன்னிலேர்ந்து வூட்ல தோசைதான் கெடையாது. மனுசன் ஒண்ணு காதப் பாக்கணும், இல்ல வாயப் பாக்கணும்.

அப்பறம் ஸ்பீக்கர் பொட்டிய வேற மேசைக்கு மாத்தனேன். முள்ளு அழுந்தி உக்காரட்டும்னு அதோட கை மேல ஒரு நாலணாவ ஒட்டனேன். கடையில தையல் மிஷினுக்கு வுடற எண்ணெய் இருந்துச்சா, அதுல ரெண்டு சொட்டு வுட்டு ரிக்கார்ட நல்லா தடவனேன். மிஷினே வழுக்கிக்கினு ஓடுது, முள்ளு ஓடாதா? என் வூட்டுக்காரி தாஹிரா அப்பவே கேட்டா, "இன்னாங்க, எண்ணெயில தூசி ஒட்டிக்காதா?"ன்னு. அவளுக்கு இன்னா தெரியும்!

அப்பவும் குதிச்சிது தம்பி. உத்துப் பாத்தேன். அவ அடுப்பங்கரையிலேர்ந்து வந்தா குதிக்குது. "ஏம்மா, நீ நடக்கறதாலதான்"னேன். மொள்ள நடன்னேன். வேற தப்பா ஒண்ணும் சொல்லல... ஒடம்பு கொஞ்சம் ஜாஸ்தி, கம்மி பண்ணுன்னு... சரி, அதயும் சொல்லிட்டேன்!

கையில இருந்த தட்டக் கீழ வெச்சா. துணிப் பொட்டிய எடுத்தா. "நான் நடக்காத வூட்ல நீங்க நல்லா பாட்டு கேளுங்க"ன்னுட்டு எலவனாசூர்கோட்டைல அவங்க அம்மா வூட்டுக்கு பஸ் ஏறிட்டா. மறுநாளே இந்த இட ஒதுக்கீடு மறியல்! ரோடு பூரா வெட்டிப் போட்ட மரம். பஸ் இல்ல, லாரி இல்ல, கடையும் சாத்தியாச்சு. அவங்க கேக்கறத அவங்க கேக்கறாங்க, நான் ஒண்ணும் சொல்லல. உள்ளுக்குள்ள எனக்கு குஷி. பின்ன? ரோட்ல சத்தமில்ல, வூட்ல நடக்க ஆளில்ல! கதவ சாத்திக்கினு ரிக்கார்டப் போட்டேன்.

குதிச்சிது.

அதே எடத்துல. மூச்சப் புடிச்சிக்கினு உக்காந்தேன், அப்பவும் குதிச்சிது. கழட்டிப் பாத்தா முள்ளு நுனியில கறுப்பா, எண்ணெயும் தூசியுமா கொழகொழன்னு... அத வுடு தம்பி! வுடுன்னு சொல்றேன்ல!

நேரமாச்சா? வெயிலு ஏறுதா? போ, போ. மரம் கெடக்கற எடத்துல சைக்கிளத் தூக்கிக்கினு தாண்டிரு. பள்ளிவாசல் சந்துல தாஹிரான்னு கேளு. பிளேயரு இப்ப ஜோரா பாடுதுன்னு சொல்லு... யா அல்லா, வேணாம்! அப்ப அவளாலதான் குதிச்சிதுன்னு ஆயிடும், ஆயுசுக்கும் வரமாட்டா. எனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லு... வேணாம், அழுவா. தோசைக்கு ஏங்கிப் போயிருக்கேன்னு சொன்னா... ஆட்டுக்கல்லத் தூக்கி என் தலையிலயே போடுவா.

சைக்கிள எடுத்துட்டியா? இரு, இரு! ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ இல்லாத வூட்லயும் முள்ளு குதிக்குதாம்னு சொல்லு. அவ்ளோதான், வேற ஒண்ணும் பேசாத. சொல்லிட்டு அவ மூஞ்சியப் பாரு. சிரிச்சாளா, இல்லையான்னு மட்டும் எனக்கு வந்து சொல்லு தம்பி... சிரிச்சான்னா, பஸ்ஸு எப்ப வுடறானோ வுடட்டும், நான் நடந்தே கெளம்பிடறேன்.