ஒளிராத கயிறு

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது ஐயா. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்படிக் கிடைக்காது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். உயரமான கட்டடங்களில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கிறவர்களின் கயிறுகள் சோதனைக்கு எங்களிடம் வரும். வெயிலும் ஆசிட்டும் நைலானை உள்ளுக்குள் அரித்துவிடும்; வெளியே தெரியாது. நாங்கள் தடவும் சாயம் கெட்டுப்போன இடத்தில் மட்டும் ஒட்டும். ஊதா விளக்கைக் காட்டினால் அந்த இடம் பச்சையாக ஒளிரும். ஒளிர்ந்தால் கயிறு குப்பைக்கு. ஆனால் விளக்கை ஒரு நிமிடத்துக்கு மேல் வைக்கக்கூடாது. வைத்தால் சாயம் வெளுத்து, கெட்ட கயிறும் யோக்கியன் வேஷம் போடும்.

என் தங்கையின் கணவர் அப்படித் தொங்குகிறவர். பெரிய வீரர். நாற்பதாவது மாடியில் செல்ஃபி எடுப்பார். எனக்கு அவர் வைத்த பெயர் டார்ச்.

"மச்சான் காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் டார்ச் அடிக்கிறாரு. பாவம், கை வலிக்காது?"

வீடே சிரிக்கும். தங்கையும் சிரிப்பாள். அதுதான் எனக்கு வலித்தது. கல்யாணத்துக்கு முன்பு செருப்பு வாங்கக்கூட என்னைக் கேட்பவள் அவள்.

போன மாதம் அவரே தன் கயிறுகளைக் கொண்டுவந்தார். தொங்க ஒன்று, அது அறுந்தால் தாங்கிக்கொள்ள ஒன்று.

"பாத்து அடிங்க மச்சான், பேட்டரி தீந்துடப்போகுது."

முதல் கயிறு கல்யாண வீடு மாதிரி ஒளிர்ந்தது. விளக்கை அணைக்காமல் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தால் கயிறு கும்மிருட்டு. மறதி என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கும் அதுதான் ஆசை.

இரண்டாவது கயிறா? அதுவும் ஒளிர்ந்தது. இந்தத் தடவை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பச்சை முழுக்க மங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு மேலாளரைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினேன். "சுத்தமா இருக்கேப்பா" என்று கையெழுத்துப் போட்டார். பெரிய மனிதர், சொந்தக் கண்ணால் பார்த்தார். நான் என்ன சொல்ல?

ஒன்பதாம் நாள் இரண்டும் அறுந்தன. தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"அண்ணா, கயிறு நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா. நானே பாத்தேன்."

அன்றிலிருந்து பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் என்னைத்தான் கேட்கிறாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சீக்கிரம் காட்டுங்கள் ஐயா. நாலு மணிக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரச் சொல்லியிருக்கிறாள். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?