பேராயர் மாளிகைக்கு வந்த நாவிதன்

ஹனோரா: ...எங்க ஊரு டிப்பரரியில இருந்து ஒரு நாவிதனைக் கூட்டிட்டு வந்திருக்கேன் லெட்டிஸ். என் தம்பி முகத்துக்கு அந்த நாவிதன் கைதான் ஒத்துக்கும். கீழ லாயத்து வாசல்ல மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறான், மேல வரச் சொல்லு.

லெட்டிஸ்: காலையிலேயே சவரம் பண்ணியாச்சு அண்ணி.

ஹனோரா: சாகக் கிடக்கிறவனுக்குத் தினம் சவரமா?

லெட்டிஸ்: பேராயர் இல்லையா? என் வீட்டுக்காரர் தாடியோட கிடந்தா ஊரு என்ன பேசும்?

ஹனோரா: எனக்கு அவன் பேராயரும் இல்ல, சார்லஸும் இல்ல. கொர்மக். நீங்கதான் பேரை மாத்துனீங்க.

லெட்டிஸ்: நாங்க யாரும் மாத்தல. அவரே மாத்திக்கிட்டாரு. இங்கிலீஷ்காரன் கோயில்ல நின்னு, போப்பு வேண்டாம்னு சத்தியம் பண்ணி... அப்ப நான் கவுன் போட்ட சின்னப்பிள்ளை.

ஹனோரா: அன்னிக்கு எங்கம்மா அடுப்ப அணைச்சுட்டா. எங்க தாத்தா காலத்துல இருந்து அணையாத அடுப்பு.

லெட்டிஸ்: சத்தியம் பண்ணலைன்னா கல்லூரி வாசலையாவது மிதிச்சிருப்பாரா? வைஸ்ராய் வீட்டுக் குரு, அப்புறம் பெரிய கோயிலுக்குத் தலைமை டீன், அப்புறம் இந்த மாளிகை... இல்லாட்டி உங்களோட சேர்ந்து உருளைக்கிழங்கு தோண்டியிருப்பாரு.

ஹனோரா: ஏறினான், ஏறிக்கிட்டே இருந்தான். எங்க வாசல்ல மட்டும் இறங்கல.

லெட்டிஸ்: கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் கம்பளி அனுப்பினாரே...

ஹனோரா: ஆள் கிட்ட குடுத்து அனுப்பினான்.

லெட்டிஸ்: ...அண்ணி, உங்க நாவிதன் ஏன் பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கிறான்?

ஹனோரா: கத்தி... நல்ல கத்தி.

லெட்டிஸ்: ஜன்னல்ல இருந்து பார்த்தேன். பைக்கு முத்தம் குடுக்கிறான்.

ஹனோரா: சரி, ஒளிக்கல. அவர் நாவிதன் இல்ல, எங்க கத்தோலிக்கச் சாமியார், பையில இருக்கிறது பூசைத் துணி. என் தம்பி சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் பண்ணாம போகக் கூடாது லெட்டிஸ். நரகத்துக்குப் போயிடுவான். கொஞ்ச நேரம் விடு, உன் காலப் பிடிக்கிறேன்.

லெட்டிஸ்: எந்திரிங்க. பேராயரே ரோமாபுரிப் பக்கம் திரும்பிட்டாருன்னு தெரிஞ்சா சொத்து பூரா அரசருக்குப் போயிடும். பையன் போன மாசம்தான் எங்க இங்கிலீஷ் கோயில்ல குருவானான். அவனையும் துரத்திருவாங்க.

ஹனோரா: யாருக்குத் தெரியப் போகுது?

லெட்டிஸ்: அண்ணி... இனிமே விட்டும் பிரயோஜனம் இல்ல.

ஹனோரா: ஏன்?

லெட்டிஸ்: விடியக்காலம் போயிட்டாரு. பையன் டப்ளின்ல இருந்து வர்ற வரைக்கும் வெளிய சொல்ல வேண்டாம்னு... உட்காருங்க அண்ணி.

ஹனோரா: சாமியார் இல்லாமலா... அப்படியேவா போனான்?

லெட்டிஸ்: இல்ல. அவரே கேட்டாரு. நேத்து. "எங்க அம்மாவோட சாமியாரக் கூப்பிடு"ன்னாரு. நான்... வரவச்சேன்.

ஹனோரா: நீயா? நீயா வரவச்ச? என் கண்ணு... கையக் குடு. நாப்பது வருஷமா உன்னக் கரிச்சுக் கொட்டினேனே, பாவி நான்.

லெட்டிஸ்: கைய விடுங்க அண்ணி.

ஹனோரா: எந்தச் சாமியார்? பேரச் சொல்லு, அவர் கால்ல விழணும்.

லெட்டிஸ்: தெரியல... இருட்டு.

ஹனோரா: லெட்டிஸ். என்னப் பாரு. கத்தோலிக்கச் சாமியாருங்க இருக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டு மத்தவங்களப் பூரா கப்பலேத்தி அனுப்பியாச்சு. இந்தச் சுத்துவட்டாரத்துல இப்ப இருக்கிற ஒரே சாமியார் கீழ மழையில நிக்கிறவர்தான். அப்ப நேத்து வந்தது யாரு?

லெட்டிஸ்: வண்டிக்காரன் டார்பி. மாட்டேன்னு அழுதான், சோத்துல மண்ணு விழும்னு மிரட்டி, கறுப்புக் கோட்டப் போட்டு உட்கார வச்சேன். அவர் அவன் கையப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொல்லி அழுதாரு அண்ணி. அதுக்கப்புறம்தான் தூங்கினாரு.